ஏழு வீட்டுக்கு ஒரே கூரை, எங்கள் வீட்டில் நான்கு பூனைகள்: அக்கம்பக்கத்தாரை எப்படிச் சமாதானப்படுத்துவது?

ஓட்டுவீடு (கும்பகோணம் அருகே) எழுதியது:

வணக்கம். கும்பகோணத்துக்கு மேற்கே, இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் நாங்கள் குடியிருக்கிறோம். திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று நீளும் பழைய வீடுகள் இவை. வாசல்கள்தாம் ஏழே தவிர, மேலே ஏறிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. மனிதர்களுக்கு இது பெரிதாகத் தெரிவதில்லை. பூனைகளுக்கு இது ராஜபாட்டை.

முந்தின ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒரு தாய்ப்பூனை எங்கள் பத்தாயத்தின் அடியில் மூன்று குட்டிகளை ஈன்று, அவை ஓடியாடத் தொடங்கிய பருவத்தில் எங்கோ போய்விட்டது. ஒன்றை என் நாத்தனார் எடுத்துக்கொண்டார். கடுவன் ஒன்றும் பெட்டை ஒன்றும் எங்களோடு தங்கிவிட்டன. கடுவனுக்கு என் மகள் சோழன் என்று பெயர் வைத்தாள், பெட்டைக்கு முல்லை. முல்லை அதன் பிறகு இரண்டு முறை குட்டி போட்டுவிட்டது. கொடுத்தது போக இப்போது சோழன், முல்லை, ஐந்து மாதக் குட்டிகள் இரண்டு என நான்கு இருக்கின்றன.

மனத்தாங்கல் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கத்து வீட்டு மாமி கொல்லையில் பாய் விரித்து வடகம் காயவைத்தால் அதன் நடுவில் கால்தடம் இருக்கிறது. துளசி மாடத்து மண்ணை யாரோ தோண்டி மூடிவிட்டுப் போகிறார்கள், யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பூனை இருக்கும் வீட்டுப் பக்கம் கர்ப்பிணி போகவே கூடாது என்று யாரோ சொல்லிவிட்டதால் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். வலப்பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். இரவு ஒரு மணிக்கு ஓட்டின்மேல் கடுவன்கள் சண்டையிடும் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது; போன மழையில் ஓடு நழுவி, அவர் கட்டிலின் தலைமாட்டிலேயே ஒழுகியிருக்கிறது. நான்காவது வீட்டுக்காரர் கொல்லையில் புதிதாக அறை கட்டுகிறார். கொட்டிவைத்த ஆற்று மணலில் பூனைகள் அசிங்கம் செய்ததையாவது பொறுத்துக்கொண்டார். மாலையில் பூசி முடித்த சிமென்டுத் தரையின் குறுக்கே வாசலிலிருந்து சன்னல்வரை வரிசையாகப் பதிந்திருந்த கால்தடங்களைக் காலையில் பார்த்தபோது அவர் பொறுமை இழந்துவிட்டார். சோழன் படையெடுத்து வந்து கல்வெட்டும் வெட்டிவிட்டுப் போனான் என்று தெருவில் சிரிக்கிறார்கள், அவர் சிரிக்கவில்லை.

சாக்கில் போட்டுக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் விட்டுவிடுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். வயலுக்கு வாங்கிய எலிமருந்து வீட்டில் இருக்கிறது, பூனை தின்றால் தாம் பொறுப்பல்ல என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். இதைக் கேட்ட நாளிலிருந்து இரவில் அவை திரும்பி வரும்வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை. பூனைகளையும் விடாமல், மூன்று தலைமுறையாகப் பழகிய மனிதர்களையும் விடாமல் இருப்பதற்கு வழி உண்டா? கருத்தடை செய்வது பாவம் என்று என் மாமியார் சொல்கிறார். அதைப் பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

---

மாயூரத்தான் (மயிலாடுதுறை) எழுதியது:

அம்மா, நான் பூனை வளர்ப்பவன் அல்லன். பூனை வளர்ப்பவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பூனைகளை விரும்பும் பலர் இங்கே பதில் எழுதுவார்கள் என்பதால், மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்பதையும் ஒருவர் எழுதிவைப்பது நல்லது.

எங்களுடையதும் ஓட்டு வீடுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்து வீட்டுக் கடுவன் ஒன்று எங்கள் பூஜை அறைச் சன்னலில் பின்புறத்தைத் திருப்பி நின்று, வாலை நடுக்கியபடி பீய்ச்சிவிட்டுப் போகும். அந்த வாடையை அறியாதவர்களுக்கு விளக்க முடியாது. சன்னல் சட்டத்து மரம் அதை உறிஞ்சிக்கொண்டது. சாம்பிராணி போட்டால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று எழுந்தது. என் தாயார் அறையை மாற்றிக்கொண்டார்.

போய்ச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில், "அது எங்கள் பூனைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்பதுதான். சிறுநீரைவிட அந்தப் பதில்தான் என்னை எரித்தது. மடியில் வைத்துக் கொஞ்சும்போது தங்கள் பூனையாக இருப்பது, எங்கள் சன்னலுக்கு வந்தவுடன் ஊர்ப்பூனை ஆகிவிடுகிறது. அதன் பிறகு அவர் வீட்டுப் பூனை செய்யாத குற்றங்களையும் நான் அதன் கணக்கிலேயே எழுதத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பால் பொங்கி வழிந்தாலும் பூனை, செருப்பு காணாமற் போனாலும் பூனை.

நிலைமை மாறியது எப்படி என்று கேட்டால், அவருடைய மகன் வெளியூரிலிருந்து திரும்பி வந்த ஆண்டு புரட்டாசியில், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, ஓடு மாற்றும் ஆளைத் தம்மோடு அழைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். தங்கள் கூரையைச் சரிபார்க்கும்போதே எங்கள் பக்கத்து இரண்டு வரிசையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருப்பதாகவும், கூலியும் ஓடும் தங்களுடையவை என்றும் சொன்னார். அந்தச் செலவு பெரிய தொகை அன்று. நானே செய்துகொண்டிருக்க முடியும். ஆனால் அன்றைக்கு அந்தப் பூனை அவர்களுடையது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்றும் அது எங்கள் மதிலில்தான் வெயில் காய்கிறது. எனக்கு அதன்மேல் அன்பு ஒன்றும் இல்லை. ஆனால் விரட்டத் தோன்றுவதில்லை.

தாங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தப் பெரியவரின் தலைமாட்டு ஓடு. ஐப்பசிக்கு முன்னர் அது முடிந்திருக்க வேண்டும்.

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் (திருவாரூர் மாவட்டம்) எழுதியது:

கால்நடைப் பராமரிப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் மாடும் ஆடும்தான் பார்த்தேன் என்றாலும், டெல்டாவில் பூனை இல்லாத களத்துமேடு உண்டா?

தங்கள் மாமியார் பாவம் என்று சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். நான்கு, ஐந்து மாதத்திலேயே பெட்டை பருவத்துக்கு வந்துவிடலாம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கலாம். ஆகவே தங்கள் வீட்டில் இருப்பவை நான்கு பூனைகள் என்று எண்ண வேண்டாம். அந்த ஐந்து மாதக் குட்டிகளில் ஒன்று பெட்டையாக இருந்தால், அடுத்த தைக்குள் அவை பத்தைத் தாண்டக்கூடும். அத்தனைக்கும் வீடு தேட முடியாமல் சந்தைப்பேட்டையில் விட்டுவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவக் கணக்குப் பார்ப்பதாக இருந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தெருவின் மனத்தாங்கலில் பெரும்பகுதி கருத்தடையோடு குறைந்துவிடும். நள்ளிரவுச் சண்டை பெரும்பாலும் சினைப்பருவத்துப் பெட்டையை முன்னிட்டு நடப்பது. முல்லை கத்தும்வரை வெளித்தெருக் கடுவன்களும் தங்கள் கூரைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மாயூரத்து அன்பர் சொன்ன வாடைக்குக் காரணம், கடுவனின் சிறுநீரில் மிகுதியாக இருக்கும் ஃபெலினைன் என்னும் பொருள். கருத்தடைக்குப் பின் அதன் அளவு குறைகிறது. பீய்ச்சும் பழக்கமும் பெரும்பாலான கடுவன்களுக்கு நின்றுவிடுகிறது. அறுவை முடிந்த மறுநாளே நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உடலில் ஊறிய இயக்குநீர் வடிய வாரங்கள் ஆகும், அதுவரை அதனால் பெட்டையைச் சினையாக்கவும் முடியும். ஆகையால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துவிடுங்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். தஞ்சைப் பக்கத்தவர்களுக்கு 2012-இல் தொடங்கப்பட்ட ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பெட்டைக்குத் தையல் ஆறும்வரை பத்து, பதினான்கு நாள் அறைக்குள் வைத்திருக்க இடம் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றிய அச்சம் பாதி உண்மை. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் கழிவில் வெளிவரும்; கருவிலிருக்கும் குழந்தையை அது பாதிக்கக்கூடும். ஆனால் தொற்றுக்கு ஆளான பூனை பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம்வரைதான் அதை வெளியேற்றுகிறது. வெளிவந்த கழிவும் உடனே தொற்றுவதில்லை, ஒன்று முதல் ஐந்து நாள் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வருகிறது. அதனால்தான் மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யச் சொல்கிறோம். பூனையைப் பார்ப்பதாலோ அது வீட்டில் நடமாடுவதாலோ எதுவும் வராது. அந்தப் பெண் துளசி மாடத்து மண்ணை வெறுங்கையால் கிளறாமல், கீரையை நன்றாக அலசி, இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்டால் போதும். ஆனால் மாடத்து மண்ணில் பூனை கழிக்கிறது என்னும் மாமியின் குறை நியாயமானது. மேல்மண்ணை மாற்றிக் கொடுத்து, செடியைச் சுற்றிக் கூழாங்கல் பரப்பிவிடுங்கள். தோண்ட முடியாத இடத்தைப் பூனை தானே விட்டுவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வாடை போக வேண்டும் என்று வீடு முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பின்பு பாதத்தை நக்கும்போது அது நஞ்சாக உள்ளே போகிறது. பூனையை விரட்டுவதற்காக மூலைக்கு மூலை போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான். பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து, நாம் விழுங்கும் பாரசிட்டமாலில் ஒரு துண்டு கொடுத்தாலும் பூனை பிழைப்பது அரிது. சிறுநீர் பட்ட இடத்தைத் தண்ணீரால் கழுவி, சம அளவு நீர் கலந்த வினிகரால் துடைத்து, சமையல் சோடாவைத் தூவி வைத்திருந்து பெருக்கிவிட்டு, வெயில் படவிடுங்கள்.

எலிமருந்தைப் பற்றி அந்த வயற்காரரிடம் சண்டையிடாமல் பேச வேண்டும். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலியைப் பூனை தின்றாலும் ஆபத்து; புரோமாடயோலோன் வகையில் பூனை இரண்டு, மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சோர்ந்து விழும். ஈறு வெளுத்திருந்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இரண்டாவது வகைக்கு வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. வயலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கவே இருக்கிறது. மூங்கிலை வளைத்துக் கட்டும் அந்தப் பொறிக்குப் பெயரே நம் ஊர்தான். அதைக் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது வேறு வருத்தம்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து. தடுப்பூசி அட்டையைப் பீரோவில் பூட்டி வைக்காமல் அக்கம்பக்கத்தாரிடம் காட்டுங்கள். யாரையாவது கீறிவிட்டால், அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாங்களே அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று. ஓட்டின்மேல் கேட்கும் சத்தம் எல்லாம் பூனையுடையது அன்று. பழைய ஓட்டு வீடுகளின் பரணிலும் கூரையிலும் மரநாய் குடியிருப்பது நம் பக்கத்தில் சகஜம். ஓட்டின்மேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் அது மரநாய். அதைப் பிடிப்பதோ கொல்வதோ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சோழனின் பெயரில் உள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்றிரண்டு குறைந்தாலும் குறையும்.

---

தறிவீடு (திருபுவனம்) எழுதியது:

ஆய்வாளர் ஐயா மருத்துவம் சொல்லிவிட்டார். நான் அடைப்பு வேலையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. எலி வந்தால் நூலைக் கடிக்கும் என்பதால் பூனை வேண்டும்; பூனை தறிமேல் ஏறினால் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல், போய்விடும் என்பதால் பூனை வேண்டாம். ஒருமுறை குட்டி ஒன்று இழுத்துக் கட்டியிருந்த பாவின்மேல் குதித்து, நகம் மாட்டிக்கொண்டு, விடுவித்துக்கொள்ளத் துள்ளியதில் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிந்து சேர்க்க என் மனைவிக்கு முழு ஒரு நாள் ஆயிற்று. அன்று கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம்.

தங்கள் வீட்டில் முற்றம் இருக்கிறது என்கிறீர்கள். திருடனுக்காகவும் குரங்குக்காகவும் முற்றத்தின்மேல் கம்பி போட்டிருப்பார்களே, அந்தக் கம்பிகளுக்கு இடையே நான்கு விரற்கடை இருந்தாலும் பூனை போய்விடும். தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். அதன்மேல் ஓர் அங்குலக் கண்ணுள்ள கோழிவலையை இழுத்துக் கட்டிவிட்டால், வெயிலும் மழையும் காற்றும் உள்ளே வர, பூனை மட்டும் வெளியே போகாது. பட்டணத்தில் பணம் கொடுத்துக் கட்டிக்கொள்ளும் பூனைக்கூண்டு நமக்குத் தாத்தா காலத்திலேயே வீட்டின் நடுவில் இருக்கிறது. வலை கட்டிய பிறகும் எங்கள் பூனை தினமும் வெளியே போய் வந்துகொண்டிருந்தது. எந்த வழி என்று தெரியாமல் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். முற்றத்துத் தண்ணீர் கொல்லைக்கு வடியும் தூம்புக்குள் முதலில் மீசை, பிறகு ஒரு கால், பிறகு உடல் முழுவதும் கயிறுபோல நீண்டு உள்ளே போயிற்று. மறுநாள் தூம்பின் வாயில் சல்லடைத் தகடு அடித்தேன்.

வெளியே திரிந்து பழகியதை ஒரே நாளில் அடைத்தால் இரவெல்லாம் கத்தி, இருக்கிற சத்தத்தோடு புதுச் சத்தமும் சேரும். முதலில் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள். நாள் முழுவதும் தட்டில் எதையாவது வைத்திருக்காமல், காலையில் கொஞ்சம், விளக்கு வைக்கும் நேரத்தில் நிறைய என்று வைத்து, தட்டைக் கரண்டியால் தட்டிக் கூப்பிடுங்கள். ஒரு வாரத்தில் அந்த ஓசைக்குக் கூரையில் எங்கிருந்தாலும் வரும். வந்து சாப்பிடும்போது கதவை மூடிவிட்டு, விடிந்ததும் திறங்கள். இரவுச் சத்தமும் ஈரச் சிமென்டும் அதோடு தீரும். பகலிலும் முற்றத்தோடு நிறுத்துவது ஆறு மாதமோ ஒரு வருடமோ பிடிக்கும். எங்களுடைய கிழட்டுக் கடுவன் ஒன்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மணல் தட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது கணக்கு, நான்குக்கு ஐந்து. பழைய பிளாஸ்டிக் பேசின்கள் போதும். சலித்த ஆற்று மணல் இரண்டு, மூன்று அங்குலம் இருக்க வேண்டும். இப்போது கிடைக்கும் எம்-சாண்ட் குத்துவதால் எங்கள் பூனைகள் அதை ஏற்கவில்லை. உமியும் மரத்தூளும் கலந்து பார்த்தோம், வீடெல்லாம் பறந்தது. காலை, மாலை இரண்டு வேளையும் அள்ளி, கிணற்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டி மூடுங்கள். அப்படியே நான்காவது வீட்டுக்காரரின் மணலுக்கு ஒரு தார்ப்பாயும் வாங்கிக் கொடுங்கள். நம் வீட்டு மணல் அழுக்காக இருந்தால்தான் பூனை ஊரான் மணலைத் தேடிப் போகிறது, பெரும்பாலும்.

---

குமாஸ்தா (தஞ்சாவூர்) எழுதியது:

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்குரைஞர் அலுவலகத்தில் பணிபுரிபவன், வழக்குரைஞன் அல்லன்.

எந்த விலங்கையும் கொல்வதோ நஞ்சிடுவதோ ஊனப்படுத்துவதோ, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதற்கு முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் விலங்கின் விலை பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று கணக்குப் பார்த்துப் பிரிவு மாறும். நாட்டுப் பூனைக்கு யார் விலை போடுவது என்னும் தொல்லை இப்போது இல்லை. கொள்ளிடத்து யோசனையும் சரியன்று: பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு முதன்முறை அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்வரை என்று இன்றும் இருப்பதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் இதையெல்லாம் மதிலுக்கு மேலிருந்து சொல்லிக்காட்ட வேண்டாம். வாடையும் சத்தமும் தொல்லையாகிறது என்று உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் வழி அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. பொதுச்சுவர்க்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் போட்ட வழக்குகளின் கட்டுகளை நான் தூசி தட்டி அடுக்கியிருக்கிறேன். தாத்தா போட்டதைப் பேரன் நடத்துகிறான். எலிமருந்துக்காரரிடம் ஆய்வாளர் ஐயா சொன்னபடி பேசுங்கள். சட்டப் பிரிவு எண் தங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

---

ஓட்டுவீடு எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுத வேண்டியது என் கடமை.

முதலில் ஓட்டைத்தான் பார்த்தோம். ஆள் ஏறிப் பார்த்ததில், பெரியவர் வீட்டுப் பக்கம் உடைந்தவை எட்டு, நழுவியவை பதினொன்று. மேலே ஏறியவரே ஒரு பிடி எச்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் முழுக்க ஏதோ பழக்கொட்டைகள். மரநாய்தான். சோழனுக்குப் பாதி விடுதலை கிடைத்தது. ஆயினும் எல்லா ஓட்டையும் எங்கள் செலவிலேயே மாற்றினோம். எது யார் உடைத்தது என்று பிரித்துப் பார்ப்பது அசிங்கமாக இருக்கும் என்று என் கணவர் சொன்னார். பெரியவர் காபி கொடுத்தார். அவர் எங்களுக்குக் காபி கொடுத்து ஓராண்டு ஆகியிருக்கும்.

சோழனுக்கும் முல்லைக்கும் ஒரே நாளில் அறுவை முடிந்தது. என் மாமியார் உடன் வர மறுத்துவிட்டார். ஆனால் முல்லை தையலோடு பத்தாயத்து அறையில் கிடந்த நாள்களில் இரவு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தவர் அவர்தான். குட்டிகள் இரண்டும் கடுவன்கள் என்று தெரிந்தது. அவற்றுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறோம். முற்றத்துக்கு வலை கட்டியாயிற்று. எங்கள் வீட்டிலும் தூம்புதான் வழி. திருபுவனத்து அன்பர் சொல்லியிருக்காவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

மாமிக்கு மாடத்து மண்ணை மாற்றிக் கொடுத்தோம். கூழாங்கல்லை அவர் ஏற்கவில்லை, துளசிக்கு நீர் ஊற்றினால் சூடு ஏறும் என்றார்; அதற்குப் பதிலாக மூங்கில் சிம்பில் ஒரு சிறு வேலி கட்டிக்கொண்டார். ஆய்வாளர் ஐயா எழுதியதை மகள் தன் மருத்துவரிடம் காட்டிக் கேட்டிருக்கிறாள். கையைக் கழுவினால் போதும் என்று அவரும் சொல்லிவிட்டாராம். வளைகாப்புக்கு எங்களையும் அழைத்தார்கள். மாமி மட்டும் புடவையில் பூனை முடி ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

தீராதது நான்காவது வீடு. தார்ப்பாயை வாங்கிக்கொண்டார், தரையை மறுபடி பூசும் செலவைக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். எலிமருந்தைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான்; இப்போது அதை வீட்டில் வைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் கால்தடங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அறுவை முடிந்து பதினெட்டு நாள் ஆன பிறகும் சோழன் கிணற்றடிச் சுவரில் நேற்று ஒருமுறை பீய்ச்சினான். பழக்கம் நிற்காமல் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் எழுதியது:

பதினெட்டு நாள் போதாது, அம்மா. இன்னும் ஒரு மாதமாவது பொறுத்திருங்கள். பழைய வாடை இருக்கும் இடத்தில்தான் மறுபடியும் பீய்ச்சத் தோன்றும் என்பதால், அந்தச் சுவரை வினிகர் கலந்த நீரால் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு முழுதும் உலரும்வரை அவனை அந்தப் பக்கம் விட வேண்டாம். ஒன்றரை மாதம் கழித்தும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் எப்போதாவது சொட்டுச் சொட்டாகப் போனாலோ முக்கினாலோ, அது பழக்கமாக இருக்காது. சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். கடுவனுக்கு அது ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாக முடியும் என்பதால், அப்போது இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.